நாற்காலியில் இருந்தவர் மட்டும்

படத்தில் பிணத்தின் முகம் மட்டும் கலங்கியிருந்தது.

கேமராவின் திரையில் பெரிதாக்கி இன்னொரு முறை பார்த்தான் பரிதி. திருவையாறு வட்டாரத்தில் இந்த மாடல் அவன் ஒருவனிடம்தான். செல்போனை நீட்டுகிறவனையெல்லாம் போட்டோகிராபர் என்று நம்பும் ஜனங்களுக்கு அதன் அருமை எங்கே தெரியப்போகிறது? கரண்ட் போன கூடத்தில் ஊதுபத்தியும் கசங்கிய சம்பங்கியும் கலந்து நெடியடிக்க, வாசலில் பறை அதிர, தியாகேசனைக் குளிப்பாட்டித் தாடையைக் கட்டி நாற்காலியில் உட்கார்த்தி, கடைசிப் படத்துக்காகக் குடும்பம் சுற்றி நின்றது. ஃப்ளாஷ் போட்டால் முகங்கள் வெளிறிவிடும் என்று ஸ்டாண்டில் ஏற்றி, கேமராவுக்குள் துள்ளும் கண்ணாடி படத்தை அதிரவைக்காதபடி முதலிலேயே தூக்கி நிறுத்தி, ரிமோட்டில் ஒரு விநாடி ஷட்டரைத் திறந்து எடுத்திருந்தான்.

"படம் ஆடிடாதுல்ல தம்பி?" என்று முன்பே கேட்டிருந்தார், சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் செழியன்.

"அப்பா ஆட மாட்டாருங்க. நீங்க ஆடாம நின்னா போதும்."

ஆடாமல்தான் நின்றிருந்தார்கள். மகள் மலர்க்கொடியின் மூக்குத்திக் கல் வரை கூர்மை. பிணத்தின் மாலையும் கூர்மை. முகம் மட்டும் புகை.

இரண்டாவது படத்திலும் அப்படியே. அசைந்ததுதான் கலங்கும். அவனுக்குத் தெரியாததல்ல.

"இம்மாம் பெரிய பெட்டி. நம்ம செல்லுலயே எடுத்திருக்கலாம்," என்றாள் மலர்க்கொடி.

"என்ன தம்பி, சரியா விழலையா?" என்றார் செழியன்.

உங்க அப்பா அசையறாருங்க. நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஊரே சிரிக்கும்.

"வெளிச்சம் பத்தலைங்க."

மூன்றாவது கச்சிதம். முகம் தெளிவு. "இதாங்க படம்," என்றான். பாடை கிளம்பியது. பறையோசை ஆற்றங்கரைப் பக்கம் தேய்ந்தது.

லென்ஸை மூடிவிட்டு, காலிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பெரிதாக்கினான். விபூதி. புருவம். இமை மயிர்.

கண்.

திறந்திருந்தது. கருவிழிக்குள் ஸ்டாண்டு. பக்கத்தில் அவன்.

ஓடினால் பாடையைப் பிடித்துவிடலாம். எழுந்தான். என்னவென்று சொல்வது, அந்த மடையர்களிடம்? உட்கார்ந்தான்.

பறை நின்றது.

கையிலிருந்த கேமரா தானாகத் தட்டியது. மூடி மூடியபடியே இருந்தது.

திரையில் வானம். இரு ஓரமும் பச்சை மூங்கில்.

தட்டியது. வாய்க்கரிசியோடு இறங்கும் கைகள்.

தட்டியது. மேலிருந்து குனியும் செழியன். கையில் முகத்தை மூட ஒரு வரட்டி. கன்னத்து நீர் வரை கூர்மை. ஆட்டமே இல்லை.

தட்டியது. இருட்டு.

தட்டியது. இருட்டின் இடுக்குகளில் சிவப்பு.