கல்லாவில் நிற்பவருக்குக் கடைசியில்

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று நெடுநாள் தயங்கிய பின்னரே இதை எழுதத் துணிந்தேன். குறைகள் தென்படின் வாசகர்கள் பெரிய மனத்துடன் பொறுத்தருள வேண்டும். இதில் வரும் குடும்பத்தில் எவரையும் புண்படுத்துவது என் நோக்கமன்று. நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல மட்டுமே முயல்கிறேன்.

அன்று காலை அந்த வீட்டின் சமையலறையில் மருமகள் அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து இன்னும் திரும்பாத நாத்தனார், இடுப்பில் குழந்தையோடு கதவோரம் நின்றாள். ஒரு வாய் ஊட்டியதும் குழந்தை அதைத் துப்பியது.

"பாத்தீங்களா அண்ணி... துப்புறான்! பசும்பாலும் இவனுக்கு ஒத்துக்காது. கடைசியா இருந்த பால்பவுடர் டின்னை அந்த சூப்பர்வைசர் பொண்டாட்டி கையில தூக்கிக் கொடுத்துட்டு வந்து, என் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுறீங்களே... எப்படி மனசு வந்துச்சு!"

"வரிசையில அவங்கதாம்மா நின்னாங்க..."

"வரிசையாம் வரிசை! ஆலையில எங்க அண்ணன் பேரை முதல் ஆளா வெட்டிவிட்டதே அவ புருஷன்தான். நான் போன மாசம் உங்களை ரெண்டு வார்த்தை பேசிட்டேன்னு, அந்தக் கோபத்தை என் பிள்ளை மேல காட்டிட்டீங்க!"

மருமகள் கஞ்சி அடிப்பிடித்துவிடாமல் தீயைக் குறைத்தாள்.

இவ்விடத்தில், அந்த வரிசை நின்ற கடையைப் பற்றிச் சொல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். நாடெங்கும் தொழில்கள் நொடித்த ஆண்டில் அவ்வூரின் ஒரே ஆலை மூடப்பட்டது. ஆலைச் சம்பளத்தை நம்பித் திறந்திருந்த பெரிய நிறுவனத்தின் அங்காடி, கட்டுப்படியாகவில்லை என்று ஷட்டரை இறக்கியது. உப்பு வாங்கக்கூடப் பேருந்து ஏற வேண்டியதாயிற்று. மருமகளின் கணவன் வெளியூரில் கட்டட வேலைக்குப் போனான். மருமகளின் அண்ணன் நகரத்தில் அவளுக்கொரு வேலை பார்த்து வைத்தார். வீட்டைக் கலைக்க மனமின்றி அவள் அதை மறுத்தாள். பிறகு வீடுவீடாக ஏறி இறங்கிப் பங்கு சேர்த்து, ஆலையின் பழைய சைக்கிள் கொட்டகையில் ஒரு கூட்டுக்கடையைத் தொடங்கினாள். முட்டை ஒரு வீட்டிலிருந்து வந்தது, சோப்பு ஒரு வீட்டிலிருந்து, காய்கறி பல கொல்லைகளிலிருந்து. ஊரில் செய்ய முடியாத சரக்கு மட்டும் லாரியில், ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் அரைகுறையாக வந்தது.

ஒவ்வொரு வீடும் வாரமுறை வைத்துக் கல்லாவில் நின்றது. யாரும் யாரையும் சந்தேகிக்கக் கூடாது என்பதற்காக ஓர் ஒழுங்கு வகுத்திருந்தார்கள். கல்லாவில் நிற்பவர் தம் வீட்டுக்குக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். வரிசை தீர்ந்து சரக்கு மிஞ்சினால் உண்டு, மிஞ்சாவிட்டால் இல்லை. அது அவர்கள் வீட்டு வாரம்.

கூடத்திலிருந்து மாமியார் எழுந்து வந்தார்.

"கடைச் சாவியை எடு. நம்ம பங்கே வேண்டாம்னு நானே போய்ச் சொல்லிட்டு வர்றேன். பங்கு என் பேர்லதானே இருக்கு!"

"அத்தை... ஆரம்பிச்ச வீடே விலகிட்டா, அப்புறம் ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. கடையே போயிடும் அத்தை..."

"போகட்டும்! பேரப்பிள்ளைக்கு ஒரு டின் பால்பவுடர் கொடுக்காத கடை இருந்தா என்ன, இடிஞ்சா என்ன!"

மருமகள் சாவியை நீட்டினாள். அதை விடுவதற்கு அவள் விரல்கள் சற்றுத் தாமதித்தன.

கொட்டகை வாசலில் லாரி முன்னதாகவே வந்து நின்றிருந்தது. "சீக்கிரம் திறங்கம்மா, இன்னும் நாலு ஊர் பாக்கி இருக்கு!" என்றார் ஓட்டுநர். சாவி கையிலிருந்ததால் மாமியார் திறந்தார். மூட்டைகள் இறங்கின. பங்கு வேண்டாம் என்று சொல்ல வந்தவர், வேறு வழியின்றிக் கல்லாவில் நின்றார்.

"அடடே, பெரியம்மாவே வந்துட்டாங்க! மருமகளை வேலையை விட்டுத் தூக்கியாச்சா?" என்றார் ஊரார் 'டயர்' என்றழைக்கும் சைக்கிள் கடைக்காரர்.

"வாயை மூடுடா டயரு. உன்னைத்தான் முதல்ல தூக்கணும்."

"அது ஆலையில நடக்கும் பெரியம்மா. இங்க நானும் முதலாளி!"

வரிசை சிரித்தது. அந்நேரம் மாமியாரின் மகள் குழந்தையோடு பக்கவாட்டில் நுழைந்தாள். இறங்கிய பால்பவுடர் டின்கள் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடும் அளவே இருந்தன.

"அம்மா... நமக்கு ஒண்ணை உள்ள எடுத்து வெச்சிடு."

மாமியார் ஒரு டின்னை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். எவரும் ஆட்சேபிக்கவில்லை. வரிசையில் சிரிப்பு மட்டும் நின்றுபோயிற்று. கைக்குழந்தையோடு நின்ற சோப்புக்காரி, "நான் அப்புறமா வர்றேன்..." என்று விலகினாள். அவள் பின்னால் நின்றவளும் பையை மடித்துக்கொண்டாள்.

"நில்லும்மா, ஏன் போற?" என்றார் மாமியார்.

"பரவால்லம்மா... இருந்தா அப்புறம் வாங்கிக்கறேன்."

உப்புக்காக நின்றிருந்த சூப்பர்வைசர் மனைவி மெல்லப் பேசினாள்.

"அம்மா, நான் சொல்றது தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. அன்னிக்கு உங்க மருமகதான் டின்னை என் கையில கொடுத்தா. உங்க வீட்டுக் குழந்தைக்கும் இல்லைன்னு வெளியில வந்தப்புறம்தான் கேள்விப்பட்டேன். திரும்ப வந்து, வெச்சுக்கோம்மான்னு நீட்டினேன். வாங்கலை. 'நான் ஒரு தடவை வாங்கிட்டா, நாளைக்கு யாரும் நம்பி வரிசையில நிக்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அழுதாளோ என்னமோ... நான் பாக்கலை."

மாமியார் குனிந்து, டின்னை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சோப்புக்காரி! வாடி இங்க. உன் இடத்துல நில்லு."

"அம்மா!" என்று அலறினாள் மகள். "நீயுமா... நீயுமாம்மா!"

வரிசை தீர்வதற்கு முன்பே டின்கள் தீர்ந்தன.

வெறுங்கையோடு வீடு திரும்பிய மாமியார் சமையலறைத் தரையில் அமர்ந்தார்.

"நானும் கொடுத்துட்டேன்டி... என் பேரனுக்கு என் வாயாலயே இல்லைன்னு சொல்லிட்டேன்... அந்தம்மா திருப்பிக் கொடுக்க வந்ததை ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா, 'வாங்கியிருக்கலாமே'ன்னு கேட்டிருப்பீங்க அத்தை..."

"பாவி... எல்லாத்தையும் உள்ளயே போட்டுக்கிட்டு..." மாமியார் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

அடுத்த அறையில் பெட்டி மூடும் ஓசை கேட்டது.

"இந்த வீட்டுல எனக்கொரு அம்மா இருக்கான்னு நெனச்சேன்... அவளும் கடைக்காரி ஆயிட்டா! இனி நான் யாருக்காக வரணும்!"

மருமகள் ஓடிச்சென்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். மாமியாரும் கெஞ்சினார். நண்பகல் பேருந்தில் நாத்தனார் குழந்தையோடு கணவன் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

பங்கு திரும்பப் பெறப்படவில்லை. கடை இன்றும் நடக்கிறது. கடையின் வருவாயில் ஓர் அரவை இயந்திரமும் வாங்கியிருக்கிறார்கள்; அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் மருமகளின் கணவன் ஊர் திரும்பிவிட்டான்.

இழந்தவற்றையும் சொல்லிவிடுவது முறையாகும். நாத்தனார் அதன்பின் தாய்வீட்டுக்கு வரவில்லை. அவளும் அவள் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. சூப்பர்வைசர் குடும்பம் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போயிற்று. அவர்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. மாமியார் மறுபடி ஒருநாளும் கல்லாவில் நிற்கவில்லை. பேரன் நடக்கக் கற்றதையும் பேசக் கற்றதையும் அவர் பார்க்கவில்லை.