ஜாக்கி மேல் ஒரு கால்

“வாத்தியாரே... எழுந்திருங்க! விடிஞ்சி எம்மா நேரம் ஆவுது!”

தேசப்பன் சிரித்துக்கொண்டே குனிந்தான். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. காக்கி நிஜார். எண்ணெய் குடித்த பூட்ஸ். மெஹபூப் அலி வாத்தியார் வண்டிக்கு அடியில் போய்விட்டால் சோறு தண்ணீர் நினைவு வராது. அங்கேயே தூங்கினாலும் தூங்கிவிடுவார்.

காலைத் தொட்டான்.

சில்லென்று இருந்தது!

பிடித்து இழுத்தான். கீழே விரித்திருந்த கோணியோடு சேர்ந்து வாத்தியார் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார். இடுப்பு... மார்பு... கழுத்து...

தலை!

நெற்றிக்கு மேலே எல்லாம் நொறுங்கிப் போயிருந்தது. ஒரு கண் மட்டும் திறந்து தேசப்பனையே பார்த்தது.

“ஐயோ...!”

கச்சேரி ரோடு முழுக்கக் கேட்டிருக்கும் அந்த அலறல்.

முதலில் ஓடி வந்தவன் நாகராஜ். வாத்தியாரின் மோட்டார் பட்டறையில் தேசப்பனோடு ஒரே பெஞ்சில் வேலை படிப்பவன். ஒரு பீடியை வாங்கினால் பாதியை அவனுக்கு நீட்டுகிற சிநேகிதன்.

“இன்னாடா... இன்னா ஆச்சி?”

“வாத்தியாரைக் கொன்னுட்டாங்கடா!”

நாகராஜ் எட்டிப் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான்.

*

1936-ல் மயிலாப்பூரில் பையனை மோட்டார் வேலை படிக்க அனுப்புவது என்றால், அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். உடம்பெல்லாம் கரி, கையெல்லாம் கிரீஸ், இதற்கு ஒரு பள்ளிக்கூடமா என்பார்கள். ஆனால் அடையாறு ஊரூர் குப்பத்தில் பிறந்த தேசப்பனுக்கு அது பெரிய படிப்பு. வலை இழுக்கிற குடும்பத்திலிருந்து ஸ்பேனர் பிடிக்க வந்தவன் அவன்.

அனுப்பி வைத்தது அண்ணன் ரங்கன். மரவாடி தெய்வசிகாமணி முதலியாரின் டிரைவர்.

அந்த ரங்கன் இப்போது ஜெயிலில் இருக்கிறான்!

போன மாதம் அடையாறு பாலத்துச் சரிவில் முதலியாரின் காருக்கு பிரேக் பிடிக்கவில்லை. ரங்கன் குதித்துவிட்டான். முதலியார் குதிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் மோதி அங்கேயே முடிந்தார். ‘டிரைவர்தான் பிரேக்கைக் கழற்றி எஜமானைக் கொன்றான்’ என்று கேஸ். நிரூபணமானால் தூக்கு.

வண்டியைப் பரிசோதித்து அபிப்பிராயம் சொல்லும்படி போலீஸ் கேட்டது மெஹபூப் அலி வாத்தியாரிடம். முன் சக்கரம் இரண்டும் போன அந்த வண்டி, மூக்கை ஒற்றை ஜாக்கி தாங்க, பட்டறை நடுவில் நின்றது.

அதற்கு அடியில்தான் வாத்தியார் செத்துக் கிடந்தார்.

*

பளார்!

இன்ஸ்பெக்டர் ஷாஹுல் ஹமீது அறைந்த அறையில் தேசப்பனின் உதடு கிழிந்தது.

“நேத்து சாயங்காலம் வாத்தியார் உன்கிட்ட என்னடா சொன்னார்?”

“பிரேக்ல கைய வெச்சது யாருன்னு தெரிஞ்சிபோச்சி, நாளைக்கி இன்ஸ்பெக்டராண்ட பேர் சொல்றேன்னாரு சார்.”

“உன் அண்ணன் பேரைத்தான் சொல்லப் போறார்னு பயந்துட்டே. மண்டையிலே போட்டுட்டே!”

“இல்ல சார்! அண்ணனைக் காப்பாத்தப் போறாருன்னுதான் ராத்திரி பூரா சந்தோசத்துல தூங்காம கெடந்தேன். அவரைப் போயி நான்...”

லத்தி முழங்காலில் இறங்கியது. தேசப்பன் சுருண்டு விழுந்தான். விழுந்தவன் விலாவில் ஒரு பூட்ஸ் பதிந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

“எதாலே அடிச்சே? எங்கே போட்டே?”

“எனக்குத் தெரியாது சார்!”

இரண்டு கான்ஸ்டபிள்கள் கொல்லைக் கிணற்றில் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினார்கள். ஓட்டை வாளி ஒன்று வந்தது. ஆயுதம் வரவில்லை.

தேசப்பன் தரையில் கிடந்தபடி நிமிர்ந்து பார்த்தான். எதிர்ச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு சாமான். சுத்தியல், குறடு, ஸ்பேனர்...

சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

“சார்! அதோ... அந்தப் பெரிய வீல் ஸ்பேனர்!”

“அதுக்கென்ன?”

“மத்ததெல்லாம் நேத்து வேல செஞ்ச கிரீஸோட அழுக்கா கீது. அது மட்டும் பளபளன்னு கீது பாருங்க!”

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் அதை எடுத்து மோந்தார். மண்ணெண்ணெய்! பிடியின் இடுக்கில் இரண்டு நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது.

“எடுத்த சாமானைத் திருப்பி அதும் ஆணியிலயே மாட்டணும். மாட்டாட்டி வாத்தியார் கையில அடி விழும் சார். வெளியாளு அடிச்சிருந்தா எங்கியாச்சும் வீசிட்டு ஓடியிருப்பான். இவன் ரத்தத்தைக் கழுவிட்டு, பழக்கதோசத்துல மாட்டிட்டுப் போயிக்கிறான். இங்க படிக்கறவன்தான் சார்!”

“கொலைகாரனுக்குப் படிப்பு நல்லா ஏறியிருக்கு!” இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். “நீயும் இங்கே படிக்கிறவன்தானே?”

“நான் செஞ்சிருந்தா நானே ஏன் சார் காட்டறேன்?”

இன்ஸ்பெக்டர் யோசித்தார். யோசிக்க வைக்கிற மாதிரி ஒரு கேள்வியை ஒரு குப்பத்துப் பையன் கேட்டுவிட்டானே என்று அவருக்கு எரிச்சலாகவும் இருந்தது.

“உடலை ஆஸ்பத்திரியிலே ஒப்படைச்சிட்டு வர்றேன். அதுக்குள்ளே யாருன்னு பேர் சொல்லு. இல்லேன்னா அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துலே தொங்க விடறேன். ஓடினா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம்!”

மற்ற மாணவர்களை வீட்டுக்கு விரட்டிவிட்டு ஜீவன் போன வாத்தியாரோடு போலீஸ் வண்டி கிளம்பியது. வாசலில் ஒரு ஏட்டு காவல். வெயில் ஏறியதும் அவர் எதிர்க்கடை சோடாவைத் தேடிப் போய்விட்டார்.

*

தேசப்பன் நொண்டிக்கொண்டே காரை நெருங்கினான்.

சாவதற்கு முன் வாத்தியார் இந்த வண்டிக்கு அடியில் எதைப் பார்த்தார்?

மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான்.

பெடலிலிருந்து போகிற பிரேக் கம்பி கழன்று தொங்கியது. அதைக் கோத்திருக்க வேண்டிய ஆணி இல்லை. ஆணி நழுவாமலிருக்க அதன் நுனியில் ஒரு ஸ்பிளிட் பின் போடுவார்கள். கொண்டை ஊசி மாதிரி இரண்டு கால் உள்ள கம்பி. ஓட்டையில் நுழைத்து இரண்டு காலையும் மடக்கிவிட்டால் ஆணி அசையாது. பின்னை உருவிவிட்டால்... ஓட ஓட ஆணி நழுவும், ஒருநாள் விழும்!

பின்சக்கரக் கம்பிகளைப் பார்த்தான். அங்கே ஸ்பிளிட் பின் இருந்தது. புதுசு. பிரேக்கை ரிப்பேர் பார்த்த மாதிரி காட்ட எவனோ இதை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறான்.

அதன் கால்களை விரலால் தடவிப் பார்த்தான்.

எல்லாரும் காலை மடக்குவார்கள். இது சுருட்டியிருந்தது. வட்ட வட்டமாக! “என்னப்பா, மறுபடியும் ஜிலேபி சுத்திட்டியா?” என்று வாத்தியார் தினம் ஒருவனைக் கேலி செய்வாரே...

நாகராஜ்!

சிநேகிதன் கை அது. தேசப்பனுக்கு அழுகை முட்டியது. பீடியில் பாதி கொடுத்தவன், அண்ணன் ஜெயிலுக்குப் போன அன்று கூடவே உட்கார்ந்து அழுதவன்!

கொல்லைச் சுவரில் ‘தொப்’ என்று சத்தம்.

தேசப்பன் வெளியே உருண்டு, டயர் குவியலுக்குப் பின்னால் பதுங்கினான்.

நாகராஜ் பூனையாக வந்தான். வாசலைப் பார்த்தான். ஆணியிலிருந்து ஒரு குறடும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, கோணியை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான்.

உள்ளே குறடு நறநறத்தது.

தேசப்பன் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தான்.

“ஜிலேபியப் பிரிக்கறியா நைனா?”

நாகராஜ் விருட்டென்று வெளியே வரப் பார்த்தான். அதற்குள் கடப்பாரை இறங்கியது. முழங்கால் சில்லு உடைகிற சத்தம்!

“ஆ...!”

உள்ளேயிருந்து சுத்தியல் பாய்ந்து தேசப்பனின் கால் கட்டை விரலை நசுக்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. மறுபடியும் ஓங்கின கையைக் கடப்பாரையால் குத்தினான். சுத்தியல் உருண்டது. விரல்கள் இரண்டு பின்னுக்கு மடங்கித் தொங்கின.

நொறுங்கிய காலை ஊன்றி நாகராஜால் நகர முடியவில்லை. இடுப்புக்கு மேல் வண்டிக்குள். கீழே தரை, மேலே இன்ஜின்.

தேசப்பன் ரத்தம் வழிகிற காலைத் தூக்கி ஜாக்கி மேல் வைத்தான்.

“அசைஞ்சே... தட்டி வுட்டுடுவேன்!”

“வேணாம்டா மச்சி! வேணாம்!”

“வாத்தியாரை ஏன்டா கொன்னே?”

“கண்டுபுடிச்சிட்டாருடா! நேத்து சாயங்காலம் என்னை மட்டும் இருக்கச் சொன்னாரு. ‘இது உன் கைதானேப்பா’ன்னு கேட்டாரு. அழுதுகினே கேட்டாருடா! ‘நீயே போயி ஒத்துக்கோ, நான் கூட வரேன்’னாரு. எனக்கு தூக்குக் கயிறுதான் கண்ணுல தெரிஞ்சிச்சி. அவரு மறுபடி வண்டிக்கு அடியில பூரக் குனிஞ்சாரு... மண்டையில அடிச்சி உள்ள தள்ளிட்டேன்...”

“பாவி! மொதலியாரு உனக்கு இன்னாடா பண்ணாரு?”

“அவன் வூட்டுல கிளீனரா இருந்தேன். தெருவுல நிக்கவெச்சி செருப்பால அடிச்சித் தொரத்தினான். எல்லாருக்கும் தெரியுமே!”

தேசப்பனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. போதும்! இதையே இவன் இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான்!

“ஏட்டய்யா! ஓடியாங்க! ஆளு ஆப்ட்டுகிட்டான்!”

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வலியில் முனகுகிறான் என்று நினைத்தான்.

இல்லை. சிரித்தான்!

“கூப்புடு... நல்லா கூப்புடு. பின்னை உருவச் சொன்னது யாருன்னும் அவங்களாண்டயே சொல்றேன்.”

“யார்ரா?”

“உங்க அண்ணன்.”

“பொய்!”

“பிரேக்கு கழலப் போவுதுன்னு தெரியாதவன் எப்புடிடா கரீட்டா குதிச்சான்? பிரேக்கு பாக்கணும்னு வண்டிய என்னாண்ட கொண்டாந்து வுட்டதே அவன்தான்! திருவான்மியூர் ரோட்ல குடிச்சிட்டு ஓட்டி, மீன்கூடையோட போன பொம்பளைய அடிச்சிக் கொன்னான் மொதலியாரு. அந்தப் பழிய ஒன் அண்ணன் தலையில கட்டி உள்ள தள்ளப் பாத்தான். அவன் தள்றதுக்குள்ள ரங்கன் முந்திக்கினான்!”

அண்ணன்... தன்னைப் படிக்க வைத்த அண்ணன்! ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, ‘நான் ஒண்ணும் செய்யலடா தேசா’ என்று கண் கலங்கிய அண்ணன்! ஆத்திரமாக வந்தது. அடுத்த நிமிஷமே, அந்த ஆளைக் கயிற்றில் பார்க்க முடியாது என்றும் தெரிந்தது.

வாசலில் கார் நிற்கிற சத்தம். இன்ஸ்பெக்டரின் குரல்: “என்னய்யா சத்தம்? உள்ளே யாரு?”

“ஜல்தியா முடிவு பண்ணு நைனா!” நாகராஜ் இளித்தான். “நான் தூக்குக்குப் போனா உங்க அண்ணனும் கூடவே வருவான். என்னைச் சுவரேத்தி வுட்டுடு... ரெண்டு பேரும் பொழைப்போம்!”

பூட்ஸ் சத்தம் பட்டறைக் கதவை நெருங்கியது.

இவன் வாயைத் திறந்தால் அண்ணன் இல்லை. இவனை விட்டுவிட்டாலும் அண்ணன் இல்லை, தானும் இல்லை. இவன் வாய் திறக்காமல் இங்கேயே கிடந்தால்...

“தேசப்பா... டேய்... இன்னாடா அப்புடிப் பாக்கறே... டேய்!”

தேசப்பன் காலை எடுத்தான். கடப்பாரையை ஓங்கினான்.

ஜாக்கி பறந்தது!

*

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்தபோது வண்டியின் மூக்கு தரையில் இருந்தது. அதற்கு அடியிலிருந்து வெளியே நீட்டியிருந்த ஒரு கால் இரண்டு முறை உதறி, நின்றது. கோணி மெதுவாகச் சிவந்தது.

ஆளை வெளியே எடுக்க ஏட்டும் அவரும் நிறையப் பாடுபட்டார்கள். செத்தவன் இடது கையில் குறடு. குறட்டின் வாயில், பாதி பிரிந்த ஒரு சுருட்டல் பின். பெஞ்சின் மேல் நாகராஜ் முன்பு செய்து வைத்த பயிற்சி வேலையிலும் அதே சுருட்டல். தேசப்பன் இரண்டையும் காட்டினான்.

இன்ஸ்பெக்டர் ஒத்திட்டுப் பார்த்தார்.

“வாத்தியார் சொல்ல இருந்த பேர் இவனா! செருப்படிக்குப் பழி வாங்கியிருக்கான். அப்போ உன் அண்ணன் குற்றவாளி இல்லே!”

“ஆமா சார்.”

“சாகறதுக்கு முன்னாலே ஏதாவது சொன்னானா?”

“வாத்தியாரைக் கொன்னத ஒத்துக்கினான் சார்.”

“உன் அண்ணனைப் பத்தி?”

தேசப்பன் வாத்தியாரின் பூட்ஸ் கிடந்த இடத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“பேரே எடுக்கல சார்.”

இன்ஸ்பெக்டர் நாகராஜின் உடைந்த முழங்காலைப் பார்த்தார். தூரத்தில் உருண்டு கிடந்த ஜாக்கியைப் பார்த்தார். பிறகு தேசப்பன் கையிலிருந்த கடப்பாரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஜாக்கி தானா நழுவிச்சா... யாராவது நழுவ வெச்சாங்களா?”

தேசப்பன் கடப்பாரையை மண்ணெண்ணெய்த் துணியால் நிதானமாகத் துடைத்து மூலையில் சாய்த்து வைத்தான்.

“ஜாக்கிய மட்டும் நம்பி வண்டிக்கு அடியில பூந்துடாதீங்கன்னு வாத்தியார் மொதல் நாளே பாடம் எடுத்தாரு சார்... இந்தப் பய அன்னிக்கி கிளாசுக்கு மட்டம் போட்டுட்டான்!”