ஊதா விளக்கில் மட்டும் தெரிவது

லேபிள் சுருளின் பதினோராவது வரிசையில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ஓர் ஆணின் அகலமான விரல். அதன் சுழி ஒவ்வொன்றும் ரத்தச் சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அவள் ஊதா விளக்கைத் தாழ்த்திப் பிடித்து உற்றுப் பார்த்தாள். கையுறை போடாமல் அந்த இருட்டறையில் யாரும் எதையும் தொடுவதில்லை. தொடுவதற்கு அவளைத் தவிர ஆளும் இல்லை.

மருந்துப் பெட்டிகளில் ஒட்டும் முத்திரை லேபிள்களை அச்சடிக்கும் ஆலை அது. அங்கே அவளுக்கு ஆந்தை என்று பெயர். பட்டப்பகலில் இருட்டறைக்குள் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? லேபிளின் மூலையில் வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரம் அச்சாகியிருக்கும். ஊதா விளக்கைக் காட்டினால் சிவப்பாகப் பற்றிக்கொள்ளும், விளக்கை அணைத்தால் அந்த நொடியே அவிந்துபோகும். பற்றிக்கொள்ளாத லேபிள் போலி. அச்சான சுருள்களில் நட்சத்திரம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அந்த மையின் உயிர் ஒரு வெள்ளைப் பொடியில் இருந்தது. யூரோப்பியம் என்ற அருமண் உலோகத்தின் உப்பு. மலை மலையாக மண்ணை வாரிச் சலித்தால் கைப்பிடி தேறுமாம். அந்தக் காலத்து டிவிப் பெட்டியில் தெரிந்த சிவப்பெல்லாம் இந்த உலோகத்தின் உபயம்தான். சாதாரண வெளிச்சத்தில் கோதுமை மாவுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. தண்ணீரிலும் கரையாது, கழுவக் கழுவப் பரவும்.

அந்தப் பொடியை உலர்த்தி அரைத்தவரை எல்லோரும் மாவு அண்ணன் என்பார்கள். புருவம்வரை வெள்ளை பூத்துத் திரிவார். அவர் இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. உலர்த்தும் அறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி நின்றுபோய், கரைப்பானின் ஆவி அறை முழுக்க நிரம்பியிருக்கிறது. மூச்சு முட்டியவர் தவழ்ந்தே நடைவழிக்கு வந்து, அவளுடைய இருட்டறை வாசலில் விழுந்து கிடந்தார்.

சூப்பர்வைசரிடம் லேபிளைக் காட்டினாள்.

"அந்தப் பொடி அப்படித்தாம்மா. ஒரு சிட்டிகை சிந்துனா மூணு மாசத்துக்கு எல்லா எடத்துலயும் இருக்கும். மனசைப் போட்டுக் குழப்பிக்காத."

"ரேகை தெரியுது சார்."

"அவரு இருக்கும்போது பட்டிருக்கும்."

அந்தச் சுருள் முந்தாநாள்தான் வந்தது என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

அவர் இறந்த அன்று கதவு தட்டப்பட்டதை அவள் கேட்டாள். மாவு அண்ணன் நாளுக்கு மூன்று தடவை அந்தக் கதவைத் தட்டி, "ஆந்தையம்மா, வெளிய விடிஞ்சிடுச்சு" என்று வம்பிழுத்துவிட்டுப் போகிற ஆள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள். முடிக்கவேண்டிய சுருள் நான்கு மிச்சம் இருந்தது. 'இந்த மனுஷனுக்கு வேற வேலையே இல்ல' என்று முனகிக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தாள். முதலில் நாலைந்து தட்டல்கள், பிறகு கதவின் அடிப்பக்கத்தை ஏதோ உரசும் சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை. விசாரணையில் கேட்டார்கள். "எனக்கு எதுவும் கேக்கல சார்" என்றாள்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு நடைவழியின் விளக்கை அணைத்துவிட்டு ஊதாக் கைவிளக்கைக் கதவின்மேல் பிடித்தாள். எதிர்பார்த்தது அங்கே இருந்தது. கதவின் கீழ்ப்பாதியில், முழங்கால் உயரத்துக்குமேல் ஏறாமல், ஒன்றன்மேல் ஒன்றாகச் சிவந்த உள்ளங்கைகள். ஸ்பிரிட்டை நனைத்த துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். கண்ணீர் தாரைதாரையாக வந்தது. ஸ்பிரிட் நெடியால்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கதவு சுத்தமானது.

மறுநாள் காலை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, ஊதா விளக்கைப் போட்டாள்.

கதவின் உட்பக்கத்தில் இருந்தன.

அதே கை. அதே உயரம். கதவிலிருந்து தரைக்கு இறங்கி, கையும் முழங்காலுமாகத் தவழ்ந்து வந்து, அவள் நாற்காலியின் காலருகே நின்றிருந்தன. நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு மேசைக்கடியில் அவளுடைய கைப்பை இருந்த இடம்வரை.

பையின் வாரில் நான்கு விரல்கள்.

உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கைவிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பேருந்தில் பையை மடியில் வைக்கத் துணிவில்லாமல் காலடியில் வைத்தாள். பிறகு காலை இழுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கி, ஆளில்லாத மூலையில் பையைக் கவிழ்த்து உதறினாள். விளக்கையும் சாவியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

கணவனுக்கு அந்த வாரம் மாலை ஷிப்ட். பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து மகளைக் கூட்டிவந்து, பல் துலக்குவதுபோல் தன் நகக்கண்களைப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். சளி பிடித்திருந்த குழந்தை மருந்து குடித்துவிட்டுச் சீக்கிரமே படுத்துக்கொண்டாள். ஆறு வயது.

"அம்மா, நீ ஏன் உக்காராம நின்னுட்டே இருக்க?"

"சும்மாதான்டா குட்டி. தூங்கு."

தெருவில் யாரோ ஸ்கூட்டரை நிறுத்துகிறார்கள். மாடி வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. ஆனால் காற்றில் மெலிதாக ஒரு நெடி, உலர்த்தும் அறைப்பக்கம் போனால் தொண்டையில் ஒட்டுமே அந்தத் தித்திப்பு நெடி, சமையலறை வழியாக வந்து கூடத்தில் தயங்கி நின்றது. ஜன்னல்களைத் திறந்தாள். போகவில்லை. பார்க்கவேண்டாம் என்று அரைமணி நேரம் தாக்குப்பிடித்தாள். பிறகு ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டாள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கைவிளக்கைப் போட்டாள்.

வாசற்கதவின் அடியில் ஒரு கை. கூடத்தில் ஐந்து, ஆறு. சோபாவைத் தாண்டி. சமையலறைக்குள் போய்த் திரும்பி. படுக்கையறை நிலைப்படியில் இரண்டு கைகளும் சேர்ந்தாற்போல், களைத்தவர் சற்று ஊன்றி மூச்சு வாங்கியதுபோல்.

"அண்ணே." கிசுகிசுத்தாள். "நான் கேட்டேன். தட்டுனது கேட்டுச்சு. நீங்க வெளையாடுறீங்கன்னு நெனச்சேன். நாளைக்கே போய்ச் சொல்லிடுறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

நிலைப்படிக்கு அப்பால் தரை வெறுமையாக இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெறுந்தரையில் ஒரு கை பதிந்தது.

சத்தமே இல்லை. முதலில் விரல் நுனிகள், பிறகு உள்ளங்கை. ஓரடி தள்ளி இன்னொன்று. கட்டிலை நோக்கி.

பாய்ந்து சுவிட்சைப் போட்டாள். அறை பளிச்சென்று ஆனது. சுத்தமான தரை. பூப்போட்ட போர்வை. சுவரோரம் திரும்பி உறங்கும் மகள். ஒன்றுமே இல்லை. அந்த வெளிச்சத்தில் அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கமா. அந்தப் பக்கமா. ஏறிவிட்டதா.

சுவிட்சை அணைத்தாள். அணைக்காமல் இருக்க முடியவில்லை.

கட்டில் சட்டத்தில் எட்டு விரல்கள். போர்வையின் ஓரத்தில் ஒரு முழங்கால். தலையணையருகே ஓர் உள்ளங்கை, முழுதாக, அழுந்தி.

குழந்தையை வாரி எடுக்கவேண்டும். எடுத்தால் எதன் கையிலிருந்து எடுப்பது?

விளக்கின் பாட்டரி இறங்கத் தொடங்கியது. ஊதா மங்கியது. மங்கிய வட்டத்துக்குள், மகளின் கறுத்த கூந்தலில், நெற்றியிலிருந்து பின்னந்தலை நோக்கி ஐந்து சிவந்த கோடுகள் மெல்ல, மிக மெல்ல இறங்கின. மறுபடி நெற்றியிலிருந்து. மறுபடி. தூக்கத்திலேயே குழந்தை அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.