மிஸ் சொன்ன சம்மதம்

காலையில் கடை திறக்கப் போகும் தாட்சாயணியை, கீழவீதி நகராட்சிப் பள்ளியின் மதில் தவறாமல் கூப்பிடும்.

"ஏ கொய்யா! தலைகூட வாராம எங்க ஓட்டம்?"

"மிஸ், எனக்கு நாற்பது வயசாகுது. நடுரோட்டுல மானத்தை வாங்காதீங்க."

"என் மரத்துல ஏறிக் காயெல்லாம் பறிச்சப்ப இந்த மானம் எங்க போயிருந்துச்சு?"

டீக்கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு பட்டப்பெயர் அந்த மதிலிடம் உண்டு. ஊருக்கே அந்தக் கட்டடம் மிஸ்தான்.

அது ஓர் உணர்மனை. சுவருக்குள் ஓடும் கேள்நரம்புகள் பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அதற்கு மனம் முளைத்தது. வாய்ப்பாடு, சண்டை, அழுகை, விசில் எல்லாமே அதற்குச் சாப்பாடு. சத்தம் நின்றுபோன அறை மெல்லத் தூங்கிவிடும். ஒருமுறை நகராட்சிக்காரர்கள் ஸ்பீக்கரில் பதிவைப் போட்டு ஏமாற்றப் பார்த்தார்கள். மிஸ் விழுந்து விழுந்து சிரித்தாரே தவிர, ஒரு விளக்குகூட எரியவில்லை.

இந்த மிஸ்ஸைத்தான் அஸ்ட்ராமலர் அகாடமி நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டது. அவர்களிடம் கண்ணாடிக் கோபுரங்கள் உண்டு, பணமும் உண்டு. ஆனால் பழுத்த மனம் கடையில் கிடைக்காதே! "படிப்பது ஒன்பது பிள்ளைகள். இவர்களுக்கு இத்தனை அறை எதற்கு?" என்று நகராட்சி தலையாட்டியது.

ஊர் கொதித்தது. பறவைவண்டி ரிப்பேர் கடை வைத்திருக்கும் தாட்சாயணி பள்ளி மீட்புக் குழுவுக்குத் தலைவி ஆனாள். பழுது பார்த்த வண்டிகளிலெல்லாம் கறுப்புக் கொடி கட்டிப் பறக்கவிட்டாள். சட்டமும் அவள் பக்கம்தான். உணர்மனையைக் குத்தகைக்கு விட, ஊர் முன்னால் அதனிடமே இரண்டு முறை சம்மதம் கேட்கவேண்டும்.

"மிஸ்ஸாவது சம்மதிக்கிறதாவது!" என்று சொல்லித் திரிந்தாள். வீதி வீதியாகக் கையெழுத்து வாங்கிய குழு, மிஸ்ஸிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்ம மிஸ்தானே என்கிற உரிமை.

விசாரணை நாளில் மைதானம் கொள்ளாத கூட்டம். நகராட்சி ஆணையர் துரைசிங்கம் மதிலைப் பார்த்துக் கைகூப்பிக் கேட்டார். "குத்தகைக்கு உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம் சார்," என்றார் மிஸ். "என் ஒன்பது பேரையும் ஃபீஸ் இல்லாம சேர்த்துக்கணும். அவ்வளவுதான்."

தாட்சாயணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மிஸ்! என்ன சொல்றீங்க? இனிமே பணம் கட்டுற வீட்டுப் பிள்ளைக்குத்தான் உங்க கதவு திறக்கும். இல்லாதவங்க எங்க போவாங்க?"

"நியாயமான கேள்விதான் கண்ணு. நானும் ஒண்ணு கேட்கிறேன். இங்க கோஷம் போட்டவங்கள்ல யார் வீட்டுப் பிள்ளை என்கிட்ட படிக்குது? கை தூக்குங்க."

மிஸ் கை தூக்கச் சொன்னால் தூக்கிப் பழகிய ஊர். தாட்சாயணியின் கை தானாகப் பாதி உயர்ந்தது. அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது. அவள் மகள் நிறைமதி படிப்பது அஸ்ட்ராமலரில். குழுச் செயலாளரின் இரட்டைப் பிள்ளைகளும் அங்கேதான். ஊரோடு ஊராகச் சேர்த்தாயிற்று, யாரும் யோசிக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் பூக்காரி செம்பாவின் கை மட்டும் உயரமாக நின்றது.

"கோபம் இல்லடா," என்றார் மிஸ். "ஆனா ஏழாவது ரூம் தூங்கிடுச்சு. அடுத்தது நாலாவது. அகாடமி வந்தாலாவது பிள்ளைங்க சத்தம் கேட்கும். ரூமோட சேர்ந்து பேரெல்லாம் மறந்துபோகுது. கொய்யான்னு கூப்பிடுறேனே, உன் நிஜப்பேரு என்ன கண்ணு?"

தாட்சாயணிக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அடுத்த வாரம் இரண்டாம் முறை கேட்கவேண்டும் என்று சொல்லி ஆணையர் எழுந்தார்.

அன்று வீட்டில் நிறைமதி கேட்டாள். "மிஸ் உன்னைத் திட்டினாங்களாம்மா?"

"திட்டியிருந்தா தேவலையே."

"எனக்கு அவங்களைப் பார்க்கணும். நான் ஒரு தடவைகூட உள்ள போனதில்லையே."

மறுநாள் தாட்சாயணி அகாடமியில் டி.சி. கேட்டபோது, அலுவலகப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும். சொந்தக்காரர்கள் போன் போட்டு, பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்காதே என்றார்கள். அவளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். இருந்தாலும் திங்கட்கிழமை தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துப் பள்ளி வாசலில் போய் நின்றாள். குழுச் செயலாளர் இரட்டையரோடு முன்பே வந்து நின்றிருந்தார். இவளைப் பார்த்ததும் அசடு வழிந்தார். இன்னும் இரண்டு வீட்டார் வந்திருந்தார்கள். அவ்வளவுதான். ஊரே திரண்டு வந்துவிடவில்லை.

"யாரு இது, மூக்கெல்லாம் உன்னை மாதிரியே?" என்றார் மிஸ்.

"என் பொண்ணு மிஸ். நிறைமதி. என் பேரு தாட்சாயணி."

"தாட்சாயணி," என்று மிஸ் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "உள்ள வாங்கடா."

ஆணையர் காகிதங்களோடு வந்து சேர்ந்தபோது, நாலாவது அறையில் யார் ஜன்னலோரம் உட்காருவது என்று பெரிய ரகளை. இரட்டையரில் ஒருவன் அழுதான். நிறைமதி யாரையோ பிடித்துத் தள்ளினாள். நெடுநாளாக இருண்டு கிடந்த ஏழாவது அறையில் ஒரு விளக்கு இரண்டு தரம் கண்சிமிட்டியது.

"இரண்டாம் முறை கேட்க வந்திருக்கேன்," என்றார் ஆணையர். "குத்தகைக்குச் சம்மதமா?"

"சார், கிளாஸ் நடக்குது," என்றார் மிஸ். "அப்புறம் வாங்க."