கூடத்தின் இன்றைய பயன்

மில் குடியிருப்பின் சமூகக்கூடம் அன்றைக்கு என்னவாக இருக்க வேண்டும் என்பதைக் காலையில் தானே தீர்மானித்துவிடும். எல்லோர் மணிக்கட்டிலும் இருக்கும் பட்டைகள் வழியாக, தூக்கத்தில் அவரவர் விருப்பத்தை விழைவுமானி என்ற கருவி அளக்கும். எது மிக வலுவானதோ அதற்கேற்பச் சுவர்கள் நகரும். அது வருவதற்கு முன், கூடத்திலிருந்த தொழிற்சங்கப் படிப்பகம் ரேஷன் கடையானபோதும், ரேஷன் கடை காய்ச்சல் முகாமானபோதும் ஊரே கூடிச் சண்டை போட்டது. இப்போது சண்டையில்லை.

சந்திரகலாவின் மனதுக்குள் மட்டும் இருந்தது. பல மாதங்களாகக் கூடம் அவளுடைய நாத்தனார் வஞ்சிக்கொடியின் பூவேலை வகுப்பாகவே திறந்தது. அங்கே எழும் சிரிப்பு சந்திரகலாவின் சமையலறை வரை வரும். அதில் அவள் மகள் யாழினியின் சிரிப்பும் இருக்கும். அத்தையின் தோளில் சாய்ந்து சிரிப்பவள், அம்மாவிடம் அப்படிச் சிரித்ததில்லை.

யாழினியின் வளைகாப்பு நெருங்கியது.

"எங்கீங்க வெக்கறீங்க?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ரங்கம்மா.

"கூடத்துலதான். பெத்தவ ஆசையைத் தாண்டி வேற எது ஜெயிக்கப்போகுது?"

முதல் நாள் படுக்கும்போது வளையல்களை நினைக்க முயன்றாள். நினைவு எங்கே சுற்றினாலும் யாழினி சாயும் அந்தத் தோளுக்கே போய் நின்றது.

காலையில் சீர்த்தட்டுகளுடன் உறவினர்கள் வந்தபோது கூடம் மூடியிருந்தது. கதவின் மேலிருந்த திரையில் எழுத்துகள் ஒளிர்ந்தன: 'இன்றைய பயன்: வஞ்சிக்கொடியின் வகுப்பு நடக்காதிருத்தல்.'

யாருடைய விருப்பம் என்பதை விழைவுமானி சொல்வதில்லை.

"ஆருக்கோ செம வயித்தெரிச்சல்," என்றாள் ரங்கம்மா. சிலர் சிரித்தார்கள்.

வஞ்சிக்கொடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னைக்கு நான் வகுப்பே வெக்கலீங்களே அண்ணி. நானும் வளைகாப்பத்தான நெனச்சுட்டுப் படுத்தேன்."

சந்திரகலா மணிக்கட்டுப் பட்டையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"அத்தை வீட்டுல வெச்சுக்கலாம்மா," என்றாள் யாழினி. தட்டுகள் ஒவ்வொன்றாகத் தெருவைக் கடந்தன. சற்று நேரத்தில் அந்த வீட்டிலிருந்து வளையல் ஓசையும் பழகிய அந்தச் சிரிப்பும் கேட்டன.

"அண்ணி, மொத வளையல் நீங்கதான் போடோணும். வாங்க," என்று வாசலில் வந்து கூப்பிட்டாள் வஞ்சிக்கொடி.

சந்திரகலா பட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். கழற்றிய பிறகும் திரையில் ஒளிர்ந்த அந்த விருப்பம் மாறவில்லை.