கோவளத்து ஈயச் சிப்பாய்கள்

இருபத்து நான்கு சிப்பாய்களுக்கும் கண்கள் மூடியிருந்தன.

மாமல்லபுரத்து வாடகை வீட்டில், விடாமல் மழை கொட்டிய ஒரு ஐப்பசி மத்தியானத்தில், வரதன் பூதக்கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஈயச் சிப்பாய்கள். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பாய்வதற்குத் தயாராக நின்றார்கள். சண்டைக்குப் போகிறவனுக்கு மூடிய கண்ணை யார் வரைவார்கள்?

கம்பெனி வேலையாக இரண்டு வருடம் லண்டனில் இருந்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. மேஜையில் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. ஆடுவதைவிட, பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதுதான் அவனுக்குப் பிடிக்கும். இந்தச் சிப்பாய்களைப் போன ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் சாராள் என்ற பெண்மணியிடம் வாங்கியிருந்தான். செத்துப்போன அவள் கணவர் வண்ணம் பூசியவை. பழைய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகத் தீட்ட வேண்டும்.

மனைவி லதா செங்கல்பட்டில் வேலை முடிந்து வர ஆறு மணியாகும். நான்கு வயது மகள் ஹரிப்ரியா பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பஞ்சைப் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து ஒரு சிப்பாயின் முகத்தைத் துடைத்தான். தின்னர் நெடிக்கு அடியிலிருந்து, வெகுநாள் மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்ததுபோல ஒரு வாடை மெல்ல எழுந்து அறையில் தங்கியது. வண்ணம் கரைந்தது. அடியில் இன்னொரு முகம், அதற்கும் மூடிய கண்கள். மறுபடி துடைத்தான். அதற்கடியிலும் அப்படியே. இமைக்கு மேல் இமையாக, எத்தனையோ பூச்சு.

எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தின்னர் ஊற்றி ஊறப்போட்டுவிட்டு, சாராளுக்குப் போன் செய்தான்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எதுக்கு இத்தன கோட்டிங் அடிச்சாரு?"

"பெயிண்ட்ட எடுத்துட்டியா சார்?"

"ஊறப்போட்டிருக்கேன்."

மறுமுனையில் சாராள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெனம் ஒக்காந்து பூசிகினு இருப்பாரு சார். காலைல பாத்தா கண்ணு தொறந்துகினு கீதுன்னுவாரு."

"தொறந்தா என்ன பண்ணும்?"

"அதுங்க இன்னா பண்ணும், பாவம். அதுங்க பாக்காத வரிக்கும் அது கிட்ட வராதுன்னுவாரு."

"எது?"

லைன் அறுந்தது. அதே நேரத்தில் கரண்டும் போனது. மின்விசிறி கிறீச்சிட்டபடி சுற்றிச் சுற்றி நின்றது. அதுவரை அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்திருந்த இன்னொரு சத்தம் இப்போது தனியாகக் கேட்டது. ஈரத்துணியைத் தரையில் இழுப்பதுபோல.

வரதன் கிண்ணத்தைப் பார்த்தான்.

வண்ணமெல்லாம் கழன்று அடியில் சேறாகப் படிந்திருந்தது. குப்புறவும் மல்லாந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன சிப்பாய்கள். இருபத்து நான்கு ஜோடிக் கண்கள். திறந்திருந்தன. எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தாலும், எல்லாக் கருமணிகளும் ஒரே இடத்தைப் பார்த்தன.

ஹரிப்ரியாவின் அறைக் கதவை.

ஓடினான். கதவைத் தள்ளினான். குழந்தை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் தாழிட்டபடியே இருந்தது. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான். யாரும் இல்லை. மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டான். தூக்கக் கலக்கத்தில் அவள் இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெதுவெதுப்பான மூச்சு காதில் பட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.

வாசலுக்குப் போக மேஜையைத் தாண்ட வேண்டும். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தான்.

பார்த்தான்.

கண்கள் இப்போது கதவைப் பார்க்கவில்லை. அவன் பக்கம் திரும்பியிருந்தன. அவனையும் அல்ல. அவனுக்குப் பின்னால். கொஞ்சம் உயரத்தில்.

இழுபடும் சத்தம் நின்றிருந்தது.

கழுத்தைச் சுற்றி இரண்டு சின்னக் கைகள். இறுக்கமாக.

மூன்றாவது கை, நனைந்து கனத்த கை, மெதுவாக அவன் முதுகில் ஊர்ந்து ஏறி, தூங்கும் குழந்தையின் தலையைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தது.