கேமரா அணையக் கூடாது

மடிக்கணினியில் தன் முகம் தெரிந்த சிறு கட்டத்தில், தோளுக்குப் பின்னால் அறைக்கதவு ஒரு சாண் திறந்திருப்பதை அஞ்சலி பார்த்தாள். திரும்பினாள். கதவு தாழிட்டபடியே இருந்தது. திரையில் மட்டும் திறந்திருந்தது.

கணவன் மகேஷ் நேர்முகத் தேர்வுக்காகக் கூடுவாஞ்சேரிக்குப் போயிருந்தான். கீழ்க்கட்டளையின் அந்த மாடி வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. மழை விட்டிருந்த அந்தச் சாயங்காலத்தில், ஏரிப் பக்கத்திலிருந்து சாக்கடையும் அழுகிய ஆகாயத்தாமரையும் கலந்த வாடை ஜன்னல் வழியே வந்துகொண்டிருக்க, இன்வெர்ட்டரின் ரீங்காரத்துக்கு அடியில், ஈரத் துணி தரையில் இழுபடுவதைப் போன்ற ஓசை விட்டுவிட்டுக் கேட்டது.

எழுந்து போக முடியாது. மேலாளர் ஹரிபிரசாத் நடத்தும் ஆன்லைன் கூட்டங்களில் கேமரா அணையக் கூடாது, நாற்காலி காலியாகக் கூடாது. முடிவில் எல்லோரும் சிரிக்க ஒரு ஸ்கிரீன்ஷாட். மேலிடத்துக்குப் போகும் வருகைப் பதிவு அதுதான். பால் பொங்குகிறதென்று முன்பு ஒருமுறை எழுந்து போயிருந்தாள். இன்னொரு தடவை போனால் டீமில் இடமில்லை என்று சொல்லிவிட்டார். மகேஷுக்கு வேலை போன பிறகு வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

கூட்டத்தின் சாட்டில், டீமில் இருந்த ஜெபின் எழுதியிருந்தான்: "அக்கா, பின்னாடி யாரு, மாமியாரா? ஓரமா நிக்கச் சொல்லுங்க, அவங்களுக்கும் டாஸ்க் குடுத்துருவாரு."

"அஞ்சலி! எங்க பாக்கறீங்க?" என்றார் ஹரிபிரசாத்.

"சார், ஒரு நிமிஷம்... கதவு..."

"உங்களுக்கு எப்பவும் பால், கதவு, காலிங் பெல். நாங்கல்லாம் வெட்டியா உக்காந்திருக்கோமா? பேக்ரவுண்டை ப்ளர் பண்ணிட்டு உக்காருங்க."

பண்ணினாள். ப்ளர் போட்டால் மனித முகம் மட்டும் தெளிவாக நிற்கும், மற்றதெல்லாம் மங்கிவிடும். சுவர் மங்கியது. பீரோ மங்கியது. கதவு மங்கியது.

இரண்டு முகங்கள் மங்கவில்லை.

கழுத்துக்குப் பின்னால் ஈர வாடை. அவள் திரும்பவில்லை.

"ஓகே. ஸ்கிரீன்ஷாட். சிரிங்க."

எல்லாக் கட்டங்களும் சிரித்தன. அவள் கட்டத்தில், முன்னால் இருந்த அவள் முகம் மங்கத் தொடங்கியது. கண். மூக்கு. வாய். சுவரோடு சுவராயிற்று. அஞ்சலி கையை ஆட்டினாள். திரையில் எதுவும் அசையவில்லை. கத்தினாள். யாரும் நிமிரவில்லை.

நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது.

"ஸாரி சார்," என்றது, அவள் குரலில். "இனிமே எழுந்திருக்க மாட்டேன்."

ஹரிபிரசாத்தின் முகம் மலர்ந்தது. "இன்னிக்குதான் ஒழுங்கா கேமராவப் பாக்கறீங்க. குட்."

அது சிரித்துக்கொண்டே இருந்தது. அதன் கூந்தலிலிருந்து கறுப்பு நீர் சொட்டுச் சொட்டாக விசைப்பலகையில் விழுவதை, அஞ்சலி சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.